ஆண்டவரை அதட்டிய அண்ணி

என் அண்ணி ஆண்டவரிடம் கெஞ்சி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதட்டித்தான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணமாகி, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு அவள் வந்த முதல் வாரத்திலேயே அது தெரிந்துவிட்டது. விடிந்தும் விடியாத நேரம், அடைமழை. அடுப்படியில் யாரையோ பிடித்து உலுக்குவது போலச் சத்தம். நானும் அம்மாவும் ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரில் மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் படத்துக்கு எதிரே தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

"ஒரு வாரமா சொல்லிகிட்டு இருக்கேன், இன்னிக்கு எங்க ஸ்கூல் புள்ளைங்களுக்கு மேட்ச்னு. காதுல விழுதா இல்லியா? இப்ப மழைய நிறுத்தப் போறியா, என்னா?"

அம்மா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏம்மா, ஆண்டவர்கிட்ட இப்புடியா பேசுவாங்க? நாக்கு வெந்துடும்."

"வேற எப்புடி அத்தே பேசறது? உள்ளுக்குள்ள கோவத்த வச்சிகிட்டு வெளிய ஸ்தோத்திரம்னு சொன்னா அவருக்குத் தெரியாதா?"

மழை நிற்கவில்லை. மேட்ச் நடக்கவில்லை. சாயங்காலம் நனைந்துபோய் வந்தவள் அந்தப் படத்தின் பக்கம் திரும்பாமலே தலையைத் துவட்டினாள். தனக்கென்று வாங்கி வந்த மல்லிப்பூவில் வழக்கமாக ஒரு துண்டு கிள்ளிப் படத்துக்கு வைப்பாள். அன்றைக்கு முழுவதையும் தானே வைத்துக்கொண்டாள். ஆனால் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் எங்களோடு முட்டி போட்டு ஜெபமாலை சொன்னாள். ஒரு மணியைக்கூட விடவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். நெடுநெடுவென்று உயரம். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அதை ஊதவேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று "ஓடு" என்றால் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை எழுந்து ஓடும். கோயிலிலும் அதே தொண்டைதான். பூசையில் மன்றாட்டு வாசிக்கும்போது நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டு "கேட்டருளும்" என்று இழுப்போம். அவள் நிமிர்ந்து பீடத்தைப் பார்த்து, 'கேட்டுத்தான் ஆகணும்' என்கிற மாதிரி சொல்வாள். முன் வரிசைக் கிழவிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

என் அண்ணன் அவளுக்கு நேர் எதிர். தாலுக்கா ஆபீசில் வேலை. யார் எது சொன்னாலும் சரி என்று தலையாட்டுவான். மாட்டேன் என்று ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியாது. கிட்னி இரண்டும் கெட்டுப்போய்விட்டது, இனிமேல் டயாலிசிஸ்தான் என்று டாக்டர் சொன்னபோதுகூட "சரிங்க சார்" என்றானாம். அண்ணிதான் டாக்டரிடம் கத்தினாள். பிறகு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று மேலே பார்த்துக் கத்தினாள்.

டயாலிசிஸுக்காக அவர்கள் அண்ணாமலை நகரில் வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். கீழே மாணவர்கள் தங்கியிருந்த ஒரு கட்டடத்தின் மாடி. டயாலிசிஸ் நாட்களில் காலையில் அண்ணனை ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். மத்தியானம் வந்து கூட்டிக்கொண்டு போவாள். தண்ணீர்கூட அவனுக்கு அளந்துதான். வெயில் காலத்தில் அவன் தாகத்தில் தவிப்பதைப் பார்க்கமுடியாமல், அவன் எதிரே அவளும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் போனதும் குழாயடியில் நின்று குடம் குடமாகக் குடிப்பாளாம். அவளோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி பின்னாளில் சொன்னாள்.

அந்தப் பங்குக் கோயிலில் வயதான ஃபாதர் ஒருவர் இருந்தார். பூசையில் தருகிற அப்பமான நன்மையை அண்ணனுக்குக் கொடுக்க வீட்டுக்கு வருவார். ஒரு தடவை நானும் அங்கே இருந்தேன். துன்பம் என்பது ஆண்டவர் தருகிற பரிசு என்று அவர் ஏதோ ஆரம்பித்தார்.

அண்ணி கும்பிட்டபடியே சொன்னாள். "ஃபாதர், இந்தப் பரிசு எங்களுக்கு வேணாம். திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க."

நான் பயந்துபோனேன். ஃபாதர் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். "என் முட்டிவலிய பத்தி நானும் அதத்தாம்மா கேட்டுகிட்டு இருக்கேன். எடுத்துக்க மாட்டேங்கறாரு" என்றார். அண்ணி சிரித்துவிட்டாள். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், முட்டிக்குப் போட ஒரு தைலமும் எடுத்துக் கொடுத்தாள். அந்த ஃபாதர் மாற்றலாகிப் போனதுதான் எங்களைப் பிடித்த கெட்ட நேரத்தின் தொடக்கம் என்று எனக்குத் தோன்றும்.

பெரிய வெள்ளிக்கிழமைகளில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். வெயிலில் வெறுங்காலோடு சிலுவைப்பாதை போவாள். கடைசித் தலத்தில், ஆண்டவரைக் கல்லறையில் வைக்கிற இடத்தில், எல்லோரும் அழுதுகொண்டிருக்க அவள் மட்டும் பேசுவாள். பக்கத்தில் நிற்கும் எனக்குக் கேட்கும். "மூணு நாள்ல எழுந்து வந்துட்ட நீ. எங்க வீட்டுக்காரரு எத்தினி வருசமா படுத்துகிட்டு எழுந்துகிட்டு கெடக்காரு. கொஞ்சமாவது நெனச்சுப் பாத்தியா?"

இவ்வளவு பேசியவளை ஆண்டவர் தண்டித்தார் என்றுதான் எங்கள் பக்கத்துச் சனம் இன்றைக்கும் சொல்கிறது. சொல்கிறவர்கள் வாயை உடைக்கவேண்டும் போலிருக்கிறது எனக்கு. தண்டித்தது யார் என்று நான் சொல்கிறேன்.

கடலூரில் ஒரு சுகமளிக்கும் கூட்டம் போட்டார்கள். எங்கள் பங்குக் கோயில் நடத்தியது இல்லை. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். ஊர் முழுக்க அவர் கைதூக்கி நிற்கிற பேனர். அண்ணி மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விழுப்புரம் போயிருந்தாள். அம்மா அண்ணனை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெற்ற வயிறு, அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது. அந்த மேடையில் இருந்தவனைச் சொல்லமுடியும்.

கூட்டத்தில் நடந்ததை நான் வீடியோவில்தான் பார்த்தேன். கிட்னி நோயால் கஷ்டப்படுகிற ஒரு சகோதரன் இங்கே இருக்கிறான், அவனை ஆண்டவர் இப்போது தொடுகிறார் என்று பிரசங்கியார் சொல்கிறார். தொண்டர்கள் இரண்டு பேர் அண்ணனைக் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றுகிறார்கள். "சொல்லு பிரதர், ஒடம்புக்குள்ள ஆண்டவரோட சூடு எறங்குச்சா?" என்று கேட்கிறார். அண்ணன் கூட்டத்தைப் பார்க்கிறான். அத்தனை முகங்கள். "ஆமாங்க" என்கிறான். "சுகமாயிட்டியா?" "சுகமாயிட்டேன்." கைதட்டல். "இனிமே மெஷின் வேணுமா பிரதர்?" அண்ணன் ஒரு நொடி தயங்குகிறான். வீடியோவை நிறுத்தி நிறுத்தி நான் அந்த நொடியைப் பார்த்திருக்கிறேன். பிறகு அவன் தலை இல்லை என்று ஆடுகிறது. மாட்டேன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாதவன் தன் உயிருக்குச் சொன்னான்.

அண்ணி திரும்பி வந்தபோது அவன் முகம் தெளிவாக இருந்ததாம். அடுத்த நாள் டயாலிசிஸ். வரமாட்டேன் என்றுவிட்டான். அவள் கத்திப் பார்த்தாள். டாக்டரை விட்டுப் பேசச் சொன்னாள். கடலூரிலிருந்து என்னை வரவழைத்தாள். நான் போனபோது அவன் கால்கள் வீங்க ஆரம்பித்திருந்தன.

"அண்ணா, ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துடலாம். அப்பறம் பாத்துக்கலாம்."

"போனா நான் சொன்னது பொய்யாயிடும்ல, ஸ்டெல்லா. அவ்ளோ பேரு எதிர்ல சொல்லியிருக்கேன்."

அண்ணி அவன் காலைப் பிடித்தாள். நான் கண்ணால் பார்த்தேன். ஆண்டவர் காலைப் பிடிக்காதவள், வீங்கிப்போன அந்தக் காலைக் கட்டிக்கொண்டு "எழுந்துரு, எனக்காக எழுந்துரு" என்று கெஞ்சினாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் சம்மதித்தான். அதுவும் வாய் திறந்து சொல்லவில்லை, கண்ணால் காட்டினான். கீழே இருந்த மாணவர்கள் நாற்காலியோடு அவனைத் தூக்கிப் படியிறக்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும்போது அவன் இல்லை.

அடக்கப் பூசையில் புதிதாக வந்திருந்த இளம் ஃபாதர் பிரசங்கம் வைத்தார். தமக்குப் பிரியமானவர்களை ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறார் என்றார்.

அண்ணி எழுந்து நின்றாள். வெள்ளைப் புடவையில் இன்னும் உயரமாகத் தெரிந்தாள்.

"இல்ல ஃபாதர். அவரு கூப்புடல. ஒரு ஆளு இவரைத் தள்ளி வுட்டான். ஆண்டவர் மேல பழி போடாதீங்க."

ஃபாதர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். "ஆனா அவரு தடுக்கல" என்றாள் அண்ணி, கொஞ்சம் சன்னமாக. "அத நான் தனியா கேட்டுக்கறேன். நீங்க பூசைய முடிங்க." உட்கார்ந்துவிட்டாள்.

என் வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே நல்ல பிரசங்கம் அதுதான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் அந்தக் கூட்டத்துப் பெண்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். சுகம் கொடுக்கப்பட்டுவிட்டது, வீட்டுக்குள் சந்தேகம் புகுந்ததால் அதைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை என்றார்கள். சந்தேகம் என்று அவர்கள் சொன்னபோது பார்த்தது அண்ணியை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். பாவம், அவளுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது தான்தான் என்பதைத் தாங்கமுடியாமல், பழியைத் தூக்கி மருமகள் தலையில் வைத்தாள். "எந்நேரமும் ஆண்டவரத் திட்டிகிட்டு இருந்தா எப்புடி வெளங்கும்?" என்று என் எதிரிலேயே கேட்டாள். அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் அண்ணியோடு பேசவில்லை. அண்ணி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, அம்மாவுக்கு எடுத்த புடவையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அம்மா கட்டிக்கொள்வாள். யார் கொடுத்தது என்று கேட்கமாட்டாள்.

அண்ணி போலீஸுக்குப் போனாள். அவராகத்தானே வேண்டாம் என்றார், யார் மேல் கேஸ் போடுவது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதைவிடப் பெரிய கொடுமை அந்த வீடியோ. அண்ணன் மண்ணுக்குள் போன பிறகும் அது போனில் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆபீசில் என்னோடு டைப் அடிக்கிற பெண், விவரம் தெரியாமல் எனக்கே அனுப்பினாள். அண்ணி அந்தப் பிரசங்கியார் ஆட்களின் நம்பரைக் கண்டுபிடித்துப் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அதுல பேசறவரு செத்துட்டாரு. வீடியோவ எடுத்துடுங்க."

"கேக்கவே கஷ்டமா இருக்குது சிஸ்டர்" என்றது ஒரு இளைஞனின் குரல். "ஆனா அந்த சாட்சியால நெறைய பேரு விசுவாசத்துக்கு வர்றாங்க. விசுவாசக் கொறவு வந்துட்டா சுகம் நிக்காது, தெரியும் இல்லியா?"

"அப்ப அதையும் மேடையில சொல்லுங்க. விசுவாசம் கொறஞ்சா மாத்திரை சாப்புடுங்கன்னு சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

நான் கோயிலுக்குப் போவதை அன்றோடு நிறுத்தினேன். பேசி வைத்ததுபோல ஆண்டவரும் அவர் ஆட்களும் சேர்ந்து எங்களை ஏமாற்றிவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் அண்ணி போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அண்ணாமலை நகர் வீட்டில் இருந்தபோது, அவள் குளித்துவிட்டுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்புடி அண்ணி உங்களால அங்க போய் உக்கார முடியுது?"

"பஸ்ட் பெஞ்சுலதான் உக்காருவேன். நல்லா என் மூஞ்சியப் பாக்கட்டும்."

"வெளையாடாதீங்க. நெஜமா கேக்கறேன். இன்னும் நம்பறீங்களா?"

அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு யோசித்தாள். பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலடி. சில நாளு இருக்காருன்னு தோணுது. சில நாளு அந்தப் பக்கம் ஆளே இல்ல, நான்தான் செவுத்தோட பேசிகிட்டு இருக்கேன்னு தோணுது. அந்த மாதிரி நாள்ல வெறும் வாயால சொல்லிட்டு வந்துடுவேன்."

"அப்பறம் எதுக்குப் போறீங்க?"

"அவரு இல்லன்னு முடிவு பண்ணிட்டா, உங்க அண்ணன பத்தி நான் யாருகிட்ட கேக்கறது? அந்த மேடக்காரன்கிட்டயா?" திரும்பி என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "எனக்கு பதில் வேணும். பதில் சொல்ல வேண்டியவரு வூட்ட நான் ஏன் விட்டுட்டுப் போவணும்? அவரு வேணா போவட்டும்."

நன்மை வாங்காமல் ரொம்ப நாள் இருந்தாள். எல்லோரும் வரிசையில் போக, அவள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதில்லையா, அதுபோல. பிறகு ஏதோ ஒரு நாள் எழுந்து போய் வாங்கினாளாம். ஏன் என்று நான் கேட்டேன். "பசிச்சுது" என்றாள்.

அண்ணி போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. மாரடைப்பு. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக்கொண்டிருந்தபோது விழுந்தாள். அவள் அடக்கத்துக்கு எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்களோடு சேராமல், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் மகளும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். சிலுவை போடக்கூடத் தெரியாதவர்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் அண்ணியைப் பற்றி நான் சொன்னது எதுவும் முழுசாகாது.

அண்ணன் செத்த அடுத்த வருஷம் அதே பிரசங்கியார் சிதம்பரத்தில் கூட்டம் போட்டார். பைபாஸ் பக்கத்தில் பொட்டல் வெளியில் பெரிய பந்தல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு போய் நுழைவாயிலில் நின்றாள். சண்டை போடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவள் செய்தது வேறு. நோயாளியோடு வருகிறவர்களை ஒவ்வொருவராக மறித்தாள்.

"உள்ள போங்க, ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. மருந்த மட்டும் நிறுத்தாதீங்க. யாரு சொன்னாலும் நிறுத்தாதீங்க."

சிலர் தலையாட்டிக்கொண்டு போனார்கள். சிலர் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கினார்கள். அப்போதுதான் அந்த அம்மா வந்தாள். நெற்றியில் குங்குமம், கையில் ஒரு கட்டைப்பை, மறு கையில் ஒரு பெண்பிள்ளை. பிள்ளைக்கு வலிப்பு நோய். போன வாரம் வகுப்பிலேயே விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள்.

"நாங்க உங்க ஆளுங்க இல்லக்கா. போன்ல ஒரு வீடியோ பாத்தேன். கிட்னி போனவரு ஒருத்தரு மேடையிலயே நல்லாயிட்டாரு. அதப் பாத்துட்டுதான் வந்தேன்."

அண்ணி பிள்ளையின் நெற்றித் தையலைப் பார்த்தாள்.

"அது என் வீட்டுக்காரரு" என்றாள் அண்ணி.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புடியாக்கா? நல்லா இருக்காரா?"

"செத்துட்டாரு. மருந்த நிறுத்துனதால செத்தாரு."

அதற்குள் தொண்டர்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். இன்னொருவன் அண்ணியைப் பிடித்துத் தள்ளினான். "சாத்தானுக்கு வேல செய்யறியா?" என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். நிஜமாகவே அடித்திருப்பேன். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் வந்து, "வேணாம்மா, ரோட்டுக்கு அந்தாண்ட போங்க" என்று எங்களை விரட்டினார்.

ரோட்டுக்கு அந்தாண்ட சரளைக்கல் குவியல். அங்கே நின்றோம். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. பாட்டு, கைதட்டல், அந்தக் குரல். பிறகு நோயாளிகளுக்காக ஜெபம் என்று அறிவித்தார்கள். மருந்துகளை விசுவாசத்தோடு மேடைக்கு எதிரே உள்ள கூடையில் போடுங்கள் என்றார்கள். நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

பக்கத்தில் பார்த்தால் அண்ணி சரளைக்கல் மேல் முட்டி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னா பண்றீங்க? அவன் பண்ற ஜெபத்துக்கு நீங்க முட்டி போடறீங்களா? எழுந்துருங்க அண்ணி!"

அவள் எழுந்திருக்கவில்லை. கையைக்கூடக் குவிக்கவில்லை. இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்து, அதே பழைய அதட்டலில் பேசினாள்.

"இங்க பாரு. அந்தப் புள்ளைக்கு நல்லாக்கிக் குடு. அவன் கேக்கறான்னு குடுக்காம இருந்துடாத. அவனுக்குப் பேரு வந்தா வந்துட்டுப் போவட்டும். வீடியோ போட்டுக்கட்டும். எனக்கு அதப் பத்தி இல்ல. புள்ளைக்குக் குடு."

அந்தப் பிரசங்கியாரைவிட அந்த நேரத்தில் அண்ணி மேல்தான் எனக்கு அதிகக் கோபம். இவ்வளவு நடந்த பிறகும் அங்கே கேட்பதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது? எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் செத்ததற்கு அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அண்ணி எழுந்து புடவையில் ஒட்டியிருந்த கல்லைத் தட்டிவிட்டாள். சனங்களுக்குள் புகுந்து தேடினாள். அந்த அம்மாவும் பிள்ளையும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்துவிட்டு என்னையும் அதில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் அவர்கள் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறினார்கள். அண்ணியும் ஏறினாள்.

"நம்ம வீடு இங்கதான இருக்குது, எங்க போறீங்க?" என்றேன்.

"ஏறு" என்றாள்.

அந்த அம்மாவுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்கவே இல்லை. பிள்ளை அவள் மடியில் சாய்ந்திருந்தது. சேத்தியாத்தோப்பு தாண்டியபோது அந்த அம்மாவே வாய் திறந்தாள்.

"மாத்திரைய கூடையில போடச் சொன்னாங்கக்கா. எல்லாரும் போட்டாங்க. நான் போடல. பைக்குள்ள மறைச்சு வச்சிட்டேன்."

"நல்லது."

"இல்லக்கா. நாங்க வேற சாமி கும்புடறவங்க. நம்பி வந்துட்டு, உங்க சாமி எதிர்லயே மறைச்சுட்டேனே." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்ப இத எடுத்துக் குடுத்தா உங்க சாமிக்குக் கோவம் வராதா? புள்ளைய ஏதாவது பண்ணிட்டா?"

பஸ்ஸில் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வந்தா வரட்டும். அந்தக் கோவத்த நான் வாங்கிக்கறேன். உன்ன கேட்டா என் பேரச் சொல்லு, என்ன அவருக்கு நல்லாத் தெரியும். நான் பேசிக்கறேன் அவருகிட்ட. நீ மாத்திரைய எடு."

அந்த அம்மா கொஞ்ச நேரம் அண்ணியின் முகத்தையே பார்த்தாள். பிறகு கட்டைப்பைக்குள் கையை விட்டு, ஒரு துணி மடிப்பிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். அவளுக்குப் பிரிக்க வரவில்லை. அண்ணி வாங்கிப் பிரித்துப் பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்தாள். தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி நீட்டினாள்.

"முழுங்கு" என்றாள், மைதானத்தில் சொல்வதுபோல, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

பிள்ளை முழுங்கியது.